க்ளெய்ம் நிக்காது, மாப்ள!

மச்சானோடு சினிமாவுக்குப் போய்விட்டுச் சந்தோசமாக வீடு திரும்பிய ஆள் எங்கள் குடும்பத்தில் ஒருவர்கூட இல்லை. படம் நன்றாகத்தான் இருக்கும். பக்கத்தில் இவர் இருப்பார், அதுதான் கோளாறு.

மச்சான் என்று நான் சொல்வது என் அக்காவின் வீட்டுக்காரரை. இப்போது இரண்டு பேரும் ஓசூர் பக்கம் போய்விட்டார்கள். அங்கே வண்டிகள் அதிகம், அதனால் அடிபடுவதும் அதிகம், தொழிலுக்கு நல்லது என்று அவர் காரணம் சொன்னார். திண்டுக்கல்லில் இருந்தவரைக்கும் அவர்கள் வீடு நாகல் நகரில், எங்கள் வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி. என்னுடைய டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை இரண்டு வீட்டுக்கும் நடுவில். ஆகவே அவர் தப்பிக்க முடியாது, நானும் தப்பிக்க முடியாது.

அவருக்கு வேலை இன்சூரன்ஸ் சர்வேயர். நிலம் அளக்கிற சர்வேயர் இல்லை. அடிபட்ட வண்டியைப் போய்ப் பார்த்து, வண்டிக்காரர் சொல்கிற கதையும் வண்டியில் இருக்கிற காயமும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கிறவர். ஆள் குள்ளம். அளவான தொந்தி. வேலைக்குப் போகும்போது வெள்ளைச் சட்டைதான் போடுவார், போன இடத்தில் அந்த வெள்ளைச் சட்டையோடு லாரிக்கு அடியில் மல்லாக்கப் படுத்துவிடுவார். "ஒரு கருப்புச் சட்டை எடுத்தா என்னங்க?" என்று அக்கா எத்தனையோ தடவை கேட்டாள். சர்வேயர் என்றால் ஒரு மதிப்பு வேண்டாமா என்பார். துவைக்கிறவளுக்கு மதிப்பு வேண்டாமா என்பாள் அவள்.

எங்கள் ஊர்ப்பக்கம் வண்டியை எதில் கொண்டுபோய் இடித்தாலும் இன்சூரன்ஸ் பணம் கேட்டு க்ளெய்ம் எழுதும்போது "மாடு குறுக்க வந்துருச்சு" என்றுதான் எழுதுவார்கள். பாலத்தில் இடித்தாலும் மாடு. மாமனார் வீட்டுக் கேட்டில் இடித்தாலும் மாடு. மச்சான் குனிந்து பார்ப்பார், விரலால் தடவிப் பார்ப்பார், டார்ச் அடித்துப் பார்ப்பார். "ஏம்ப்பா, இந்த மாடு சிமெண்டுல செஞ்ச மாடா? வெள்ளை பெயிண்ட் ஒட்டியிருக்கு?" என்று கேட்பார். அவன் தலையைச் சொறிந்தால் ஒரே வார்த்தைதான். "க்ளெய்ம் நிக்காது."

இந்த ஒரு வார்த்தையை அவர் ஒர்க்‌ஷாப்போடு விட்டிருந்தால் எங்களுக்கு என்ன வந்தது? தியேட்டருக்குள்ளும் கொண்டுவந்துவிட்டார்.

அக்கா கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு வந்திருந்தார்கள். புது மாப்பிள்ளையைப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், துணைக்கு மச்சினன் போக வேண்டும். அது எங்கள் வீட்டு வழக்கம். மூன்று பேரும் போனோம். அக்கா அடிதடிப் படம் என்றால் உயிரை விடுவாள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் விசில் அடித்தால் தியேட்டரே திரும்பிப் பார்க்கும். ரெண்டு விரலை மடித்து நாக்கில் வைத்து ஒரு இழு இழுத்தாள் என்றால் ஆம்பளைப் பிள்ளைகள் தோற்றுப்போவார்கள். அம்மா தலையிலடித்துக் கொள்ளும். அன்றைக்குப் புதுப் புடவை, தலை நிறைய மல்லிகை, பக்கத்தில் புருசன். விசில் அடிக்கலாமா கூடாதா என்று அவள் விரல் தவித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது.

கதாநாயகன் ஒரு உதை விட்டான். ஏழு பேர் பின்னால் பறந்து போய்ச் சுவரில் அடித்து விழுந்தார்கள். அக்காவின் கை வாய்க்குப் போனது. அந்த நேரம் பார்த்து மச்சான் என் பக்கம் சாய்ந்தார்.

"மாப்ள, ஏழு பேரு அம்புட்டு வேகத்துல அங்கிட்டுப் போனா, உதைச்சவன் இங்கிட்டுப் போகணும்ல? அவன் ஒரு ஆளு. அவனுங்க ஏழு பேரு. இவன்ல தியேட்டருக்கு வெளிய கெடக்கணும்?"

நான் சிரித்துத் தொலைத்துவிட்டேன். அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அதோடு நின்றதா? அஞ்சாவது மாடியிலிருந்து விழுகிற கதாநாயகியைக் கதாநாயகன் கீழே நின்று கையில் ஏந்தினான். "தரை அடிச்சாலும் ஒண்ணுதான், இவன் கை அடிச்சாலும் ஒண்ணுதான். எம்புட்டுத் தூரத்துல நிறுத்துறோம்கிறதுதான் கணக்கு. அந்தப் புள்ள இடுப்பு என்னாகும்?" காரின் முன்கண்ணாடியைத் தலையால் உடைத்துக்கொண்டு வில்லன் வெளியே பாய்ந்தான். "முன்கண்ணாடி பொடிப்பொடியா உதிராது மாப்ள, உள்ள ஒரு தாள் ஒட்டியிருக்கும். விரிசல் விட்டு அப்படியே நிக்கும். பின்கண்ணாடிதான் உதிரும். கண்ணாடிய மாத்திப் போட்டுட்டானுங்க." ஒரு குண்டு பட்டு பெட்ரோல் டேங்க் வெடித்தது. "நான் பாத்த வண்டில ஒண்ணுகூட இப்பிடி வெடிச்சதில்ல. நிக்காது." முன்வரிசைக்காரர் திரும்பி, "யோவ், நீயே ஒரு படம் எடுத்துக்கயேன்யா" என்றார். மச்சான் அவரிடமும் கண்ணாடி விசயத்தைச் சொன்னார்.

ஆனால் எல்லாவற்றையும்விட அவருக்கு வயிற்றெரிச்சல், வண்டி பறப்பதுதான். "வண்டி பறக்கட்டும் மாப்ள, நான் வேண்டாங்கல. பறந்தா மூக்கு கீழ குத்தணும். இஞ்சின் முன்னாடி இருக்கு. அதுவும் போக, முன்சக்கரம் மேட்ட விட்டப்புறமும் பின்சக்கரம் மேட்டுலதான் இருக்கும். அந்தச் செத்த நேரத்துல மூக்கு கவுந்துரும். இவனுங்க வண்டி மட்டும் ஏரோப்ளேன் மாதிரி மட்டமாப் போய் மட்டமா எறங்குது. நிக்கவே நிக்காது." இதை நான் மனப்பாடமாகச் சொல்லும் அளவுக்குக் கேட்டிருக்கிறேன்.

இப்படிப்பட்டவரோடு ஏன் அக்கா திரும்பத் திரும்பப் படத்துக்குப் போனாள் என்று கேட்கலாம். வேறு ஒன்றுமில்லை. மச்சானுக்கு நேரம் காலம் கிடையாது. சோற்றில் கை வைத்தால் ஃபோன் வரும், வத்தலக்குண்டு ரோட்டில் வேன் கவிழ்ந்துவிட்டது என்று. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தால் ஃபோன் வரும். தியேட்டருக்குள் போகும்போது மட்டும்தான் அதை அணைத்துப் பைக்குள் போடுவார். அந்த ரெண்டரை மணி நேரம் புருசன் தனக்கு மட்டும் என்று அக்கா நினைத்தாள். அவர் அந்த ரெண்டரை மணி நேரமும் சர்வே பார்த்தார்.

"ஒரே ஒரு படத்தையாவது பாஸ் பண்ணுங்க. ஒண்ணே ஒண்ணு. நான் சந்தோசமா ஒரு விசில் அடிச்சுட்டு வீட்டுக்கு வாரேன்" என்று அவள் கெஞ்சியிருக்கிறாள்.

"பாஸ் ஆகுற மாதிரி எடுத்தா நான் என்ன, மாட்டேனா சொல்லப்போறேன்?" என்பார் இவர்.

நல்ல மனுசன்தான், அதிலும் குறை சொல்ல முடியாது. ஒருநாள் ஏதோ சண்டையில் அக்கா எவர்சில்வர் டம்ளரைத் தூக்கி அவர்மேல் எறிந்தாள். நான் அங்கேதான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். டம்ளர் அவர் தோளுக்கு மேலே போய்ச் சுவரில் பட்டு உருண்டது. மச்சான் சுவரில் இருந்த தழும்பைப் பார்த்தார். அக்கா நின்ற இடத்தைப் பார்த்தார். "என் மேல படணும்னு நீ எறியல புள்ள. எறிஞ்ச கோணத்தப் பாத்தாலே தெரியுது" என்றார். அக்கா கோபத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள எவ்வளவோ பார்த்தாள், முடியவில்லை. சிரித்துக்கொண்டே போய் டம்ளரை எடுத்துக் கழுவினாள். அதில் ஒரு சின்ன நசுங்கல். திண்டுக்கல்லில் இருந்தவரைக்கும் மச்சான் அந்த டம்ளரில்தான் காப்பி குடித்தார்.

அவர் ஏன் இப்படி இருக்கிறார் என்று எனக்கும் ஒருநாள் கொஞ்சம் புரிந்தது. பைபாஸில் ஒரு பைக்கைப் பார்த்துவிட்டு நேரே என் கடைக்கு வந்தார். டீ சொன்னேன், வேண்டாம் என்றார். ஸ்டூலில் உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். காலேஜ் படிக்கிற பிள்ளையாம். ஏதோ படத்தில் வந்த மாதிரி மண்மேட்டில் ஏற்றிப் பறக்கப் பார்த்திருக்கிறான். அந்த இடத்திலேயே போய்விட்டான். "ஹேண்டில்பார்ல ஃபோனக் கட்டி வச்சிருக்கான் மாப்ள, வீடியோ எடுக்க. அவங்கப்பா என் கையப் புடிச்சுக்கிட்டு, மாடு வந்துச்சுன்னு எழுதுங்க சார்ங்கிறாரு" என்றார். "சினிமால விழுறவன் சட்டையத் தட்டிவிட்டுட்டு எந்திரிக்கிறான். அதான் எனக்கு ஆகமாட்டேங்குது." அன்றைக்கு நான் அவரைக் கேலி செய்யவில்லை.

அக்காவுக்கு இது தெரியாது. வேலை விசயத்தை அவர் வீட்டில் பேசுவதில்லை. அதனால் அவள் பொறுமை ஒருநாள் தீர்ந்துபோனதை நான் தப்பு சொல்ல மாட்டேன். அவள் பிறந்தநாளுக்குப் போன படம் அது. இடைவேளைக்கு முன்னால் ஒரு பஸ் பறந்தது. அக்கா ஆசையாக விரலை மடித்தாள். மச்சான், "பஸ்ஸு இன்னும் நீளம், மூக்கு இன்னும் மோசமாக் குத்தணும்" என்றார். விளக்கு எரிந்ததும் அக்கா எழுந்தாள். கையிலிருந்த பாப்கார்னை அவர் மடியில் வைத்தாள்.

"இனிமே உங்ககூடத் தியேட்டர் வாசல மிதிச்சா என்னை என்னான்னு கேளுங்க. நீங்க சர்வே பாத்துட்டு வாங்க, நான் வீட்டுக்குப் போறேன்."

போயேவிட்டாள். சும்மா சொன்னாள் என்று நாங்கள் நினைத்தோம். வருசக்கணக்கில் அவள் அந்த வார்த்தையை விடவில்லை. படத்துக்கு என்னோடு வருவாள், இல்லையென்றால் என் வீட்டுக்காரியோடு போவாள். மச்சான்தான் ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். படம் முடியும்வரை எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். பொழுது போகாமல் ஸ்டாண்டில் நிற்கிற பைக்குகளின் நசுங்கலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார். ரெண்டு தடவை திருடன் என்று வாட்ச்மேன் பிடித்துக்கொண்டான். உள்ளே அக்கா விசில் அடிக்கிற இடத்தில் விரலை மடிப்பாள், பிறகு சும்மா மூக்கைச் சொறிந்துகொள்வாள். பக்கத்து சீட்டில் தொணதொணக்க ஆள் இல்லாமல் அவளுக்குப் படம் ருசிக்கவில்லை. ரெண்டு பேரையும் நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் ஜீப் வந்தது.

அடிபட்ட ஸ்பாட்டை அளக்க டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்த ஆள் நான். கடைக்கு லீவு என்று எந்த மடையன் அவரிடம் சொன்னானோ. அன்றைக்கு ஒட்டன்சத்திரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு ஒர்க்‌ஷாப்பில் பழைய ஜீப் ஒன்று வயிறு தரையில் படும்படி உட்கார்ந்திருந்தது. ஜீப்காரர் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக் கும்பிட்டார்.

"வாங்க சார். சாமி சத்தியமா மாடுங்க. குறுக்க வந்து விழுந்துருச்சுங்க."

மச்சான் ஜீப்பைச் சுற்றி வந்தார். முன்னால் ஹெட்லைட் உடையவில்லை. பம்பரில் கீறல்கூட இல்லை. வெள்ளைச் சட்டையோடு கீழே படுத்தார். பிறகு அடியிலிருந்து கை மட்டும் வெளியே வந்தது. கையில் ஒரு கிழிந்த அட்டைத் துண்டு. அதில் தக்காளிப் படம். மார்க்கெட்டில் தக்காளி ஏற்றுகிற அட்டைப்பெட்டி.

"ஏங்க, மாடு தக்காளிப் பெட்டியோட வந்துச்சா?"

"மார்க்கெட்டுப் பக்கத்துல மேயற மாடுங்க சார், அதெல்லாம் திங்கும்ங்க" என்றார் ஜீப்காரர், அசராமல்.

மச்சான் வெளியே வந்து, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். தரைத் தகட்டில் அங்கங்கே வெல்டிங் வைத்து அறுத்தெடுத்த தழும்பு. பின்பக்கம் மூலைகளில் மணல். "மணல் கடத்துனீங்களா?" என்று கேட்டார். ஜீப்காரர் காதைப் பொத்திக்கொண்டார். ஆனால் மச்சானைக் குழப்பியது அதெல்லாம் இல்லை. அடியில் ஸ்பிரிங் பட்டைகள் நாலு பக்கமும் ஒரே மாதிரி நசுங்கியிருந்தன. "மேலேருந்து விழுந்துருக்கு மாப்ள. விழுந்தா முன்னாடிதான அதிகம் அடி படணும்? நாலும் ஒண்ணு போல இருக்கு. இது எப்பிடி?" என்று என் காதில் சொன்னார். பிறகு ஜீப்காரரைப் பார்த்து, "எடத்தக் காட்டுங்க" என்றார்.

முருங்கைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு காய்ந்த ஓடை. இந்தக் கரையில் மண்ணைக் கொட்டி இறுக்கிய சரிவு. அந்தக் கரையில் மெத்தை மாதிரி அடுக்கி நசுங்கிய காலித் தக்காளிப் பெட்டிகள் மலையாகக் கிடந்தன. எனக்கே புரிந்துவிட்டது. ஜீப்காரர் முருங்கை மரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

மச்சான் டேப்பை நீட்டினார். ஓடையின் அகலத்தை அளந்தார், சரிவின் உயரத்தை அளந்தார், அந்தக் கரையில் சக்கரம் இறங்கிய தடத்தை அளந்தார். நான் வெயிலில் டேப்பைப் பிடித்துக்கொண்டு ஓடைக்குள் இறங்கி ஏறினேன். ஃபோனில் கணக்குப் போட்டார். அழித்துவிட்டு மறுபடி போட்டார். அவர் முகம் மாறிப்போனது.

"வருது மாப்ள."

"என்னா மச்சான் வருது?"

"கணக்கு வருது. பறந்துருக்கு. மட்டமாப் போய் மட்டமா எறங்கியிருக்கு." அப்படியே தலையில் கை வைத்தார். "மணலு! பின்னாடி மணல் மூட்டையக் கட்டியிருக்கானுங்க. மூக்கு கவுந்துரக் கூடாதுன்னு!" நடு ஓடையில் நின்று சின்னப் பிள்ளையாகச் சிரித்தார். நான் அவரை அப்படிப் பார்த்ததேயில்லை.

ஜீப்காரருக்கு இனி மறைக்க ஒன்றும் இல்லை. சினிமாக்காரர்கள் வாடகைக்கு எடுத்தார்களாம். ஜீப் போனதற்குப் பதிலாக வேறு ஜீப்பும் வாங்கிக் கொடுத்துவிட்டார்களாம். இன்சூரன்ஸும் வந்தால் வரட்டுமே என்று பார்த்தாராம். "ஓட்டுனவரு இங்கதானுங்க லாட்ஜுல படுத்திருக்காரு. கழுத்துல அடிங்க. இப்போதைக்கு பஸ்ஸுல போகக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிப்போட்டாருங்க" என்றார்.

லாட்ஜ் அறையில் கட்டிலில் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கழுத்தில் பட்டை. நாற்பத்தைந்து வயதிருக்கும். மச்சானைவிடப் பெரிய தொந்தி. ஆணியில் கதாநாயகனின் பளபளப்பான சட்டையும் ஒரு சுருட்டை முடி விக்கும் தொங்கின. தலையைத் திருப்ப முடியாததால் உடம்போடு திரும்பி வணக்கம் சொன்னார். சண்டைக் கலைஞர். பல வருசமாகக் கதாநாயகர்களுக்குப் பதிலாக விழுகிறவர்.

மச்சான் நலம் விசாரிக்கவில்லை, ஒன்றும் இல்லை. "பின்னாடி மணல் மூட்டைதான?" என்றார்.

அந்த ஆளின் கண் விரிந்தது. "எப்படி சார் கண்டுபிடிச்சீங்க? இத்தனை வருசத்துல இதை ஒருத்தரும் எங்கிட்ட கேட்டதில்லை சார்!"

அப்புறம் ரெண்டு தொந்தியும் பேச ஆரம்பித்தன. எவ்வளவு மணல், எவ்வளவு வேகம், ஆள் நசுங்காமலிருக்க உள்ளே வெல்டிங் வைத்த இரும்புக் கூண்டு எவ்வளவு கனம், சரிவில் ஏறும்போது காலை எடுக்கலாமா கூடாதா. தண்ணீர் ஜக்கை ஜீப்பாக்கி, தலையணையைக் கரையாக்கி, கட்டிலில் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். ஒரே டேக்கில் எடுத்ததாம். இறங்கும்போது பெட்டி அடுக்கில் ஒரு பக்கம் சரிந்துவிட்டதால் கழுத்து பிசகிவிட்டதாம்.

"வலிக்குதா?" என்று அப்போதுதான் மச்சான் கேட்டார்.

"வலி பழகிருச்சு சார். இப்பல்லாம் வேற ஒண்ணுதான். என்ன பண்ணினாலும் கிராபிக்ஸ்னுடறாங்க. என் பொண்ணு பத்தாவது படிக்குது. அதுகூட, 'சும்மா இருப்பா, அதெல்லாம் கம்ப்யூட்டர்ல பண்றது'ங்குது. இவ்வளவும் பண்ணி, ஒருத்தரும் நம்பலேன்னா எதுக்கு சார் விழணும்?" அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "நீங்க படம் பாத்தா நம்புவீங்களா சார்?"

"நம்புறது என்ன? நான் அளந்துட்டேன்" என்றார் மச்சான்.

படம் வரும்வரை வெளியே சொல்லிவிடாதீர்கள் என்று அந்த ஆள் கேட்டுக்கொண்டார். சரி என்றோம். திரும்பி வரும்போது மச்சான் பைக்கில் என் பின்னால் உட்கார்ந்திருந்தார். செம்பட்டி ரோடு பிரிகிற இடம் தாண்டியதும், "நான் இம்புட்டு வருசமா கெக்கெக்கேன்னு சிரிச்சேனே மாப்ள, அதுல எத்தனை எடத்துல நெசமாவே ஒருத்தன் விழுந்தானோ" என்றார். நான் வண்டியை மெதுவாக ஓட்டினேன்.

க்ளெய்ம் என்னவோ நிற்கவில்லை. அதில் அவர் அவர்தான். ஆனால் காரணம் எழுத வேண்டுமே. "வாகனம் எந்த மாட்டின் மீதும் மோதவில்லை. ஓடையைப் பறந்து கடந்து மறுகரையில் இறங்கியுள்ளது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கம்பெனி ஆபீஸிலிருந்து ஃபோன் வந்தது. "சார், பறந்துச்சுன்னா எழுதியிருக்கீங்க? நீங்களா சார் எழுதினீங்க?" உலகத்தில் பறக்கிற வண்டியையெல்லாம் ஒத்துக்கொள்ளாத மனுசன், ஒரு ஜீப் பறந்தது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கதையை நினைத்து நான் தனியாகச் சிரித்த நாட்கள் உண்டு.

படம் வந்தது. மச்சான் தானே டிக்கெட் எடுத்தார், மூன்று டிக்கெட். அக்காவிடம் போய் நின்றார்.

"நான் வரல" என்றாள் அக்கா.

"இந்த ஒரு தடவ வா புள்ள. வாயத் தொறக்க மாட்டேன்."

"உங்க வாய் உங்க பேச்சக் கேக்குமா?"

கடைசியில் ஒரு நிபந்தனையோடு வந்தாள். வழியில் பெட்டிக்கடையில் கமர்கட்டு வாங்கினாள். வெல்லமும் தேங்காயும் கிண்டி உருட்டினது, கடித்தால் பல்லோடு பல் ஒட்டிக்கொள்ளும். அவர் வாயில் ரெண்டைத் திணித்தாள். கரைந்ததும் கையை நீட்ட வேண்டும், அடுத்தது தருவாள். மதியக் காட்சிக்கு, ஒரு பக்கம் கன்னம் உப்பிய மச்சான் ஃபோனை அணைத்துவிட்டு எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தார்.

பாராட்ட வேண்டும், தாங்கிக்கொண்டார். ஒரு உதையில் பத்துப் பேர் பறந்தார்கள். மச்சானின் முழங்கால் ஆடியது, கையை நீட்டினார், கமர்கட்டு போனது. முன்கண்ணாடி பொடிப்பொடியாக உதிர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டார். அக்கா ஓரக்கண்ணால் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவரை வந்த படத்தில் பாதியை அவள் பார்க்கவேயில்லை என்று நினைக்கிறேன்.

பிறகு முருங்கைத் தோட்டம் வந்தது. ஜீப் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து, சரிவில் ஏறி, ஓடைக்கு மேலே மட்டமாகப் போய், மட்டமாக அந்தக் கரையில் இறங்கியது. கதாநாயகன் சுருட்டை முடியைக் கோதிக்கொண்டு இறங்கினான். பின்வரிசையில் ஒருவன், "செம கிராபிக்ஸ்டா!" என்று கத்தினான். அக்கா சத்தம் போட்டுச் சிரித்துவிட்டாள்.

"அட போங்கப்பா! இது எனக்கே தெரியுதே. மூக்கு குத்தணும்ல? நீங்க வேணா இப்ப சொல்லிக்கங்க. க்ளெய்ம் நிக்காதுதான?"

பாவம், அவர் பிடிவாதமாக அடக்கி வைத்திருப்பதைப் பார்த்து, அவளாகவே அவருக்கு விட்டுக்கொடுத்தாள். இத்தனை வருசத்தில் அவள் செய்யாத காரியம் அது.

மச்சான் வாயிலிருந்த கமர்கட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். கண் நிறைந்திருந்தது.

"நிக்கும்" என்றார்.

"என்னது?"

"நிக்கும் புள்ள. நெசமாவே பறந்துச்சு. நான் அளந்தேன். பின்னாடி மணல் மூட்டையக் கட்டி ஒரு மனுசன் ஓட்டுனான். கழுத்துல பட்டையோட படுத்திருந்தான். நம்புவீங்களான்னு எங்கிட்டக் கேட்டான்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். மச்சான் எழுந்து நின்றார். கமர்கட்டு ஒட்டாத கையின் ரெண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தார். காற்றுதான் வந்தது. மறுபடி அடித்தார். வெல்லப் பாகு வந்தது. "யோவ் உக்காருய்யா!" என்று நாலா பக்கமும் சத்தம். அவர் அக்காவிடம் குனிந்தார்.

"எனக்கு வரல. நீ அடி."

அக்கா அவரை அண்ணாந்து பார்த்தாள். பிறகு விரலை மடித்தாள். கல்யாணத்துக்கு முன்னால் கேட்ட அதே விசில், இழுத்து, நீளமாக. தியேட்டரே திரும்பிப் பார்த்தது. அதற்குள் திரையில் ஜீப்பெல்லாம் போய், கதாநாயகனின் அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். "ஏய், ஒங்களுக்கெல்லாம் மனசாட்சியே இல்லையா?" என்று ஒரு பெரியம்மா திட்டியது. மச்சானுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"இன்னொண்ணு அடி புள்ள. நல்லா இழுத்து அடி. மெட்ராஸ்ல இருக்கு அந்தாளு மக, அது காதுல விழணும்."

அவ்வளவு தூரத்துக்குச் சத்தம் போகாது என்று மச்சானுக்கா தெரியாது? அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் விரலை மடித்தாள்.